லண்டன் குளிரில் பறவைகளுக்கு என்ன வைப்பது? அம்மா வைக்கும் காக்காச் சோறு தப்பா?

ஹாரோ மதுரைக்காரி:

வணக்கம். லண்டன் ஹாரோவில் இருக்கிறோம், வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். அம்மா நவம்பரில் மதுரையிலிருந்து வந்தார். காக்காவுக்கு வைக்காமல் சாப்பிட மாட்டார், அதனால் இங்கேயும் தினமும் குளித்துவிட்டு ஒரு கைப்பிடி சோறு, சில நாள் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்தது, அமாவாசை என்றால் வடையும் சேர்த்து, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன மரப்பலகை மேடையில் வைத்து வந்தார். காக்கா, மேக்பை (கறுப்பு வெள்ளையாக, காக்கா இனம்), கொழுத்த மரப்புறா எல்லாம் வரும். ஒரு நாள் பச்சைக்கிளியே வந்து உட்கார்ந்தது, அன்றைக்கு ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்.

போன வாரம் மேடை ஓரத்தில் பச்சை நிறத்தில் குருவி மாதிரி ஒன்று, இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிட்டே போனாலும் பறக்கவில்லை, அலகைச் சுற்றி ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது. மறுநாள் காலை செடிக்கடியில் செத்துக் கிடந்தது. "நான் வைத்த சோறுதான் தொண்டையில் அடைத்துவிட்டது" என்று அம்மா அழுதுவிட்டார். அதிலிருந்து எதுவும் வைப்பதில்லை. இதற்கு நடுவில் எலி வருகிறது என்று பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். ஆனால் காலையில் புல்லெல்லாம் உறைந்து கிடக்கிறது, ராபின் (நெஞ்சு சிவந்த சின்னக் குருவி) ஒன்று மண்வெட்டிக் கைப்பிடியில் உட்கார்ந்து எங்கள் கதவையே பார்க்கிறது. கடையில் விற்கும் கொழுப்பு உருண்டையை வாங்கலாம் என்று போனால் மாட்டுக்கொழுப்பு என்று எழுதியிருக்கிறது, அதை எங்கள் வீட்டில் சேர்க்க மாட்டோம். வைப்பதா, நிறுத்திவிடுவதா? வைத்தால் என்ன வைப்பது?

ரெடிங் தோட்டம்:

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அது சோற்றால் சாகவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கிரீன்ஃபிஞ்ச், நோய் பெரும்பாலும் டிரைகோமோனோசிஸ். தொண்டையில் ஒட்டுண்ணி வந்து புண்ணாகி, விழுங்க முடியாமல் பட்டினியிலேயே போய்விடும். இறகை உப்பிக்கொண்டு மந்தமாக இருப்பது, அலகில் ஈர இரை ஒட்டியிருப்பது, இரண்டுமே அதன் அடையாளம். புறாக்களிடம் ரொம்ப காலமாக இருந்த நோய்தான், 2005 வாக்கில் பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் மாதிரி விதை தின்னும் ஃபிஞ்ச் பறவைகளுக்குத் தாவியது. கிரீன்ஃபிஞ்ச் கூட்டம் கூட்டமாக அழிந்து 2021இல் நேராகச் சிவப்புப் பட்டியலுக்கே (மிகவும் கவலைக்குரிய பறவைகளின் பட்டியல்) போய்விட்டது. என் தோட்டத்தில் ஒரு காலத்தில் இருபது, முப்பது வரும். இப்போது ஒன்று வந்தாலே வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

நோய் பரவுவது எச்சிலால். ஒன்று விழுங்க முடியாமல் துப்பிய இரையை அடுத்தது எடுக்கும், தட்டையான பலகையில் இது ரொம்பச் சுலபம், ஈரமும் எச்சமும் அங்கேயே தேங்கிக் கிடக்கும். பறவைகளைப் பாதுகாக்கும் பிரிட்டன் அமைப்பான ஆர்.எஸ்.பி.பி. 2025இல் தட்டை மேடைகள் விற்பதையே நிறுத்தி வைத்ததற்குக் காரணம் இதுதான். அந்தப் பலகையைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

இப்போதைக்குக் குறைந்தது இரண்டு வாரம் எதுவும் வைக்காதீர்கள், தண்ணீர்த் தட்டு இருந்தால் அதையும் கவிழ்த்துவிடுங்கள். கொடுமையாகத் தெரியும், ஆனால் பறவைகள் கலைந்து போனால்தான் நோய் நிற்கும். காய்ந்தால் அந்த ஒட்டுண்ணி பிழைக்காது. அதன் பிறகு தொங்கும் இரைக்கூண்டு (பறவையை அடைப்பதல்ல, உள்ளே இரை போட்டுத் தொங்கவிடுவது) வாங்கி, ஒரே நாளில் தீரும் அளவு மட்டும் போடுங்கள். வாரம் ஒரு முறை வெளியிலேயே வைத்து, கையுறை போட்டு, அதற்கென்று தனி பிரஷ் வைத்துக் கிருமிநாசினியில் கழுவி, நன்றாக அலசி, முழுக்கக் காயவிட்டு அப்புறம் நிரப்புங்கள். மாதத்துக்கொரு தடவை இடத்தையும் மாற்றுங்கள், கீழே எச்சம் சேராது. இது மனிதர்களுக்கு ஒட்டாது, ஆனாலும் செத்த பறவையை வெறும் கையால் தொட வேண்டாம். தோட்டத்துப் பறவை, விலங்குகளின் நோய்களைக் கவனிக்கும் கார்டன் வைல்ட்லைஃப் ஹெல்த் தளத்தில் தகவல் பதிந்துவிட்டால் நல்லது. இதற்கெல்லாம் நேரம் இல்லை என்றால் வைக்காமல் இருப்பதே பறவைக்கு நல்லது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நார்விச் அக்கா:

மேலே சொன்னதெல்லாம் சரி. சாப்பாட்டு விஷயம் நான் சொல்கிறேன், எங்கள் வீடும் சைவம்தான். தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பு ஒன்றே போதும், கொழுப்பு உருண்டை இல்லாமலே குளிரைத் தாண்டிவிடும். ப்ளூ டிட், கோல்ட்ஃபிஞ்ச் மாதிரிச் சின்னப் பறவைகள் எல்லாம் அதற்கு வரும். உப்பில்லாத, வறுக்காத நிலக்கடலையைக் கம்பிவலைக் கூண்டில் போடலாம், ஆனால் பறவைக்கென்று சோதித்து விற்பதையே வாங்குங்கள், பூஞ்சை விஷம் இருந்தால் கொன்றுவிடும். சிட்டுக்குருவி இருந்தால் நம் கடையில் கிடைக்கும் தினை போதும், அப்படிச் சாப்பிடும். ராபின் தொங்கும் கூண்டில் பிடித்து நிற்கச் சிரமப்படும். அதற்கு மட்டும் செடி ஓரமாகத் தரையில் கொஞ்சம் ஓட்ஸ் (வேகவைக்காதது, வெந்தது அலகில் பசை மாதிரி ஒட்டிவிடும்), துருவிய சீஸ் ஒரு சிட்டிகை. மிச்சம் இருந்தால் இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள், எலிப் பிரச்சினை பாதி அதிலேயே தீரும். ஊறவைத்த திராட்சையும் நல்லது, ஆனால் நாய் இருக்கும் வீட்டில் வேண்டாம், நாய்க்கு அது விஷம்.

உப்பு மட்டும் கூடவே கூடாது. குருவி உடம்பு அதைத் தாங்காது. அதனால் வடை, இட்லி, தாளித்தது எதுவும் வேண்டாம். நெய்யும் எண்ணெயும் இறகில் பட்டால் இறகு நனைய ஆரம்பிக்கும், அப்புறம் குளிர் உள்ளே போய்விடும். பாக்கெட் தேங்காய்த்தூள் வயிற்றில் போய் ஊதும், போடாதீர்கள். ஆனால் உடைத்த தேங்காய் மூடியை அலசிவிட்டுக் கயிற்றில் தொங்கவிடுங்கள். டிட் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொத்துவதை அம்மா பார்க்க வேண்டும்!

ஹாரோ மதுரைக்காரி:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. படித்துக் காட்டினேன், அம்மா இரண்டு தடவை கேட்டார், இப்போது கொஞ்சம் தெளிவாக இருக்கிறார். "அப்போ காக்காவுக்கு?" என்பதுதான் அடுத்த கேள்வி. அதை விடச் சொல்ல எனக்கு மனசில்லை.

நார்விச் அக்கா:

விடவே வேண்டாம்மா, இரண்டு வாரம் கழியட்டும். உப்பு போடாமல் வடித்த வெறும் சோறு குளிருக்கு நல்ல ஆகாரம்தான், காக்காவுக்கு மட்டுமில்லை, மற்றவைக்கும். ஒரு ஸ்பூன், கழுவக்கூடிய தட்டில், காக்கா வந்து தின்று போனதும் தட்டை உள்ளே எடுத்துக் கழுவிவிட வேண்டும். அரிசியாகவோ காய்ந்த பருப்பாகவோ போட்டால் புறா மட்டும்தான் தின்னும்.

ஸ்கார்பரோ பால்கனி:

டொராண்டோவிலிருந்து ஒன்று மட்டும். அந்த இரண்டு வாரம் முடிந்ததும் தண்ணீரை மறந்துவிடாதீர்கள். இங்கே எல்லாம் உறைந்து கிடக்கும்போது விதைக் கூண்டைவிடத் தண்ணீர்த் தட்டுக்குத்தான் கூட்டம். ஆழமில்லாத தட்டில் காலையில் வெதுவெதுப்பான தண்ணீர், உறையாமல் இருக்க உப்பு எதுவும் கலக்காதீர்கள், சின்னப் பந்து ஒன்றை மிதக்கவிட்டால் லேசான பனிக்குத் தாங்கும். இங்கே சிக்கடி என்று ஒரு குருவி, பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும், ராத்திரியில் உடம்புச் சூட்டையே பத்து டிகிரி அளவுக்கு இறக்கிக்கொண்டுதான் உயிர் பிழைக்கிறது. விடிந்ததும் அதற்குச் சாப்பாடு வேண்டும். அதனால் வைக்கும்போது ஒரே நேரமாக வையுங்கள், விடிகாலையிலோ பொழுது சாய்வதற்கு முன்போ.

ஹாரோ மதுரைக்காரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பலகையைக் கழற்றிவிட்டோம். பதினெட்டு நாள் எதுவும் வைக்கவில்லை. இப்போது ஒரு கூண்டு, ஒரு தேங்காய் மூடி, காக்காத் தட்டு. கூண்டு கழுவுவது என் வேலை, தட்டு அம்மாவுடையது. நோயுள்ள பறவை எதுவும் கண்ணில் படவில்லை, ராபின் திரும்ப வந்துவிட்டது. ஜனவரி கடைசி வார இறுதியில் பிக் கார்டன் பேர்ட்வாட்ச் என்று தோட்டத்துக்கு வரும் பறவைகளை ஒரு மணி நேரம் எண்ணச் சொல்கிறார்களே, அதில் அம்மாவும் உட்காரப்போகிறார். ஒரே காக்கா நாலு தடவை வந்தால் நாலு என்று எழுதலாமா என்று கேட்கிறார்.

ரெடிங் தோட்டம்:

இல்லை, ஒரே நேரத்தில் கண்ணில் பட்டதில் அதிகம் எத்தனையோ அதுதான் கணக்கு. நாலு தடவை வந்தாலும் ஒன்றுதான். தோட்டத்தில் இறங்கினால்தான் எண்ண வேண்டும், மேலே பறந்து போவது சேராது.