டிராவல் நர்ஸ் வார்டுக்கு வந்த முதல் ஷிஃப்டில் எதை முடிக்க வேண்டும்?

டிராவல் நர்ஸ் என்பவர் குறுகிய கால ஒப்பந்தத்தில் ஆஸ்பத்திரி மாறி மாறி வேலை செய்கிறவர். 13 வார ஒப்பந்தத்தில் வருகிறவருக்கு வார்டைப் பழகக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு ஷிஃப்ட்தான். அதில் முதல் வேலை லாகின். கம்ப்யூட்டர், மருந்து எடுக்கும் தானியங்கி அலமாரி, குளுக்கோமீட்டர் மூன்றுக்கும் அனுமதி தருவது பெரும்பாலும் வெவ்வேறு பிரிவுகள். ஒன்று வந்தால் மற்றதும் வந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அலமாரி திறக்காவிட்டால் பக்கத்து நர்ஸ் தன் பெயரில் மருந்தை எடுத்து நீட்டுவார், ஊசி போடுவது புதியவர். மார்ஃபின் மாதிரி ஒவ்வொரு டோஸுக்கும் கணக்கு வைக்கும் மருந்தாக இருந்தால், எடுத்தவர் ஒருவர், கொடுத்ததாகப் பதிந்தவர் இன்னொருவர் என்று கணக்கு இடிக்கும், இருவரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

நோயாளியை ஒப்படைக்கும் முன்பே சோதித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் நம் வார்டின் நோயாளிப் பட்டியல் வருகிறதா? (வேறு வார்டில் சேர்த்திருப்பது அடிக்கடி நடக்கும்.) அலமாரி அவர் கைரேகையை ஏற்கிறதா? குளுக்கோமீட்டரில் உயர், தாழ் இரண்டு கன்ட்ரோலையும் (அளவு தெரிந்த சோதனைத் திரவம்) அவர் ஐடியிலேயே ஓட்ட முடிகிறதா?

* * *

மேலே சிஸ்டர் சொன்னதோடு ஐசியூவுக்கு இன்னொன்று: மருந்தை அளந்து ரத்தக் குழாயில் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப். அனுபவம் உள்ளவர்தானே என்று விட்டுவிடாதீர்கள், அனுபவம் உள்ளவரின் கைப்பழக்கம்தான் இங்கே ஆபத்து. ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்எபிநெஃப்ரினைச் சில இடங்களில் நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று ஓட்டுவார்கள், சில இடங்களில் உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை என்று. 70 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு 0.1 என்றால் நிமிடத்துக்கு 7 மைக்ரோகிராம். கிலோ கணக்கில் இருக்கும் பம்பில் பழக்கதோஷத்தில் 7 என்று தட்டினால் 70 மடங்கு போகும். பம்பிலேயே பதிந்திருக்கும் மருந்துப் பட்டியலில் உச்சவரம்பு பூட்டியிருந்தால் பம்ப் தடுக்கும். பட்டியலைத் தாண்டி மணிக்கு இத்தனை மில்லி என்று நேராகப் போட்டால் தடுக்க ஒன்றுமில்லை.

செறிவையும் பாருங்கள். அதே 7 மைக்ரோகிராமுக்கு, 250 மில்லியில் 4 மில்லிகிராம் கலந்த பை என்றால் மணிக்கு 26.25 மில்லி, 8 மில்லிகிராம் பை என்றால் 13.1. பழைய இடத்து வேகத்தை நினைவிலிருந்து போட்டால் டோஸ் இரட்டிக்கும், இல்லையென்றால் பாதியாகும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினும் அப்படித்தான், 25,000 யூனிட் 250 மில்லியிலும் வருகிறது, 500 மில்லியிலும் வருகிறது. நோயாளியிடம் இணைக்காத பம்ப் ஒன்றைக் கையில் கொடுத்து, வார்டில் அதிகம் ஓடும் மூன்று மருந்துகளைப் பட்டியல் வழியாகவே போடச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுப்பதைவிட இதில் அதிகம் தெரியவரும்.

* * *

இரவு ஷிஃப்டுக்கு எடுத்தவருக்குப் பகலில் ஓரியண்டேஷன் கொடுக்கிற வழக்கத்தை மாற்ற வேண்டும். பகலில் எல்லாரும் பக்கத்தில் இருப்பார்கள். இரவில் டியூட்டி டாக்டர் யார், பார்மசி மூடியபின் மருந்து எங்கிருந்து வரும், ரத்தப் பையை யார் போய் வாங்குவது, இவையெல்லாம் பகலில் கண்ணில் படாது. அவசர அழைப்பு எண் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு. கோட் ப்ளூவைத் (இதயம் நின்றவருக்கான அவசர அழைப்பு) தவிர மற்ற நிறங்களின் பொருளும் மாறும். எண்களை ஐடி கார்டின் பின்னால் ஒட்டிக்கொடுங்கள். அவசர மருந்து வண்டியான கிராஷ் கார்ட் வரை கூட்டிப்போய், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை அவரையே ஆன் செய்யச் சொல்லி, ஷாக்கை இதயத் துடிப்போடு ஒத்திசைக்கும் சிங்க் பட்டன் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். என்95 மாஸ்க்கும் மறந்துபோகும் விஷயம். பழைய இடத்தில் ஃபிட் டெஸ்ட் (முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்ற சோதனை) செய்த மாடல் இங்கே ஸ்டாக்கில் இல்லையென்றால் புதிதாகச் செய்தாக வேண்டும்.

* * *

"சந்தேகம்னா யாரையாவது கேளுங்க" என்று சொல்லாதீர்கள். ஆளாளுக்கு வேலை இருக்கும்போது யாரைக் கேட்பது? ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒருவர் பெயரைப் போர்டில் எழுதுங்கள். அவருக்கு அன்று ஒரு நோயாளியாவது குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் பெயர் மட்டும்தான் இருக்கும், ஆள் கிடைக்கமாட்டார்.

வேறு வார்டில் ஆள் குறைந்தால் முதலில் அனுப்பப்படுவது பெரும்பாலும் டிராவல் நர்ஸ்தான். அனுப்பக்கூடிய வார்டுகளை முதல் வாரத்திலேயே ஒருமுறை சுற்றிக்காட்டுங்கள். அங்குள்ள மருந்து அலமாரிக்கு அனுமதி தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அதையும் அப்போதே கேட்டு வாங்கிவிட்டால், நடு இரவில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.