பிள்ளையை அனுப்பிவிடுவதா, வைத்திருப்பதா?

குளத்தடி_அம்மா | ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். நான் இரணைமடுப் பக்கம். மூத்தவனுக்கு 19 வயது, உயர்தரம் எழுதிவிட்டு நிற்கிறான். இந்த மே மாதம், 2009 போரில் செத்த சனத்தின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிய இடத்தில் பானையைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டான். ஒரு வரிகூட எழுதவில்லை, வெறும் பானை. பத்து நாள் கழித்து சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். பெயர் என்ன, எந்தப் பள்ளிக்கூடம், யாரோடு போனாய், கஞ்சிக்கு அரிசி யார் கொடுத்தது என்று கேட்டார்கள். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார்கள். 'சும்மா விசாரிக்கத்தான் அம்மா' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து படலைச் சத்தம் கேட்டால் எனக்குக் கை நடுங்குகிறது. அவன் பாட்டுக்குக் கிரிக்கெட் விளையாடப் போகிறான்.

போன கிழமை கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது ஓர் உரப்பையை இழுத்தெடுத்தான். பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, என்னுடைய சங்கிலி, இரண்டு மெழுகுதிரி, எல்லாம் பொலித்தீனில் சுற்றிக் கிடந்தன. போர் முடிந்து எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பையை நான் கலைக்கவில்லை. மழைக்காலம் தொடங்க முதல் மெழுகுதிரியை மட்டும் மாற்றுவேன். முகாமில் இருக்கும்போது இவனுக்கு மூன்று வயது. 'எங்கே போகப் போறீங்கள் அம்மா?' என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

கனடாவுக்கு அனுப்பலாம் என்று முகவர் ஒருவர் சொல்கிறார். காசுக்கு வழி இரண்டு ஏக்கர் வயல்தான். என்ன செய்யலாம்?

ஸ்காபரோ_வன்னியான் | இரவு 9.52

அக்கா, அனுப்புங்கள். யோசிக்கவே வேண்டாம். நான் 2010இல் வந்தவன். இங்கே சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். பதினொரு வருடம் இரவு வேலை, களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன், முதுகு போய்விட்டது. ஆனால் இரவில் நாய் குரைத்தால் நான் எழும்புவதில்லை. அந்த ஒன்றுக்கு எத்தனை ஏக்கரும் கொடுக்கலாம். 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்களை இரவில் வந்து பிடித்துக்கொண்டு போனதை மறந்துவிட்டீர்களா? பானைப் படம் சின்ன விசயம் இல்லை.

மாங்குளம்_சந்தி | இரவு 10.05

வன்னியான் சொல்வது சரி. நம்பிக்கை, மாற்றம் என்று யாராவது வந்து எழுதுவார்கள், கவனியுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லித்தான் வந்தது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 2022இல் திருத்தம் என்று என்ன செய்தார்கள்? தடுத்து வைக்கும் காலத்தைப் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக்கினார்கள். ஆறு மாதம் லாபம். கொண்டாடுங்கள்.

வவுனியா_வாக்காளர் | இரவு 10.21

வந்துவிட்டேன், நீங்கள் எதிர்பார்த்த ஆள் நான்தான். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் திசைகாட்டிக்கு, அதுதான் தேசிய மக்கள் சக்திக்கு, போட்டவன். வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் இரண்டு அவர்களுக்குப் போனது. சிங்களக் கட்சி என்று ஒதுங்கியிருந்த சனம்தான் போட்டது. ஏன்? வீடு, சைக்கிள், சங்கு என்று தமிழ்க் கட்சிச் சின்னம் எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்த்துக் களைத்துப் போனோம். 2022இல் ஒரு ஜனாதிபதியை சனம் எழும்பித் துரத்தியதைக் கண்ட பிள்ளைகள் இவர்கள். எங்களைப் போலக் குனிந்து நடக்க மாட்டார்கள். ஒரு வருடத்தில் எல்லாம் மாறாது, சரி. ஆனால் எல்லாரும் பிள்ளைகளை ஏற்றி அனுப்பிவிட்டால் இங்கே வாக்குப் போட யார் இருப்பது?

மாங்குளம்_சந்தி | இரவு 10.26

வாக்குப் போடுவதற்காக அந்தப் பிள்ளை இங்கே இருக்க வேண்டுமோ? நல்ல கதை. 2023 செப்டம்பரில் குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய வழக்கைப் பார்த்த முல்லைத்தீவு நீதிபதியே உயிருக்கு அச்சுறுத்தல் என்று பதவியை விட்டு நாட்டைவிட்டுப் போனார். நீதிபதிக்கே அந்தக் கதி, உயர்தரம் எழுதிய பெடியனுக்கு யார் காவல்? வற்றாப்பளை அம்மனுக்கு உப்புத் தண்ணியில் விளக்கு எரியும் என்று நம்புகிற சனம் நாங்கள். அதே நம்பிக்கையை அரசியல்வாதியிலும் வைக்கிறோம்.

பாலைமரம் | திங்கள், காலை 5.40

தம்பி மாங்குளம், விளக்கில் பகிடி வேண்டாம். மற்றதற்கு வருகிறேன். கிழவன், காலையில்தான் போன் பார்ப்பேன்.

பிள்ளை, முதலில் ஒன்று கேட்கிறேன். உன் வயல் சொந்த உறுதிக் காணியா, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்த பேமிட் காணியா? பேமிட் என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க ஏலாது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கள்ளமாக எழுதிக்கொடுத்தால் காணியும் போகும், காசும் அரைவாசிதான் வரும். எங்கள் பக்கத்தில் மூன்று பேர் அப்படித்தான் ஏமாந்தார்கள்.

இரண்டாவது. நான் 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடி வந்தவன். அப்போது எனக்குப் பதினாறு வயது. தேயிலைக் காம்பராவைத் தவிர வேறு வீடு தெரியாது. காந்தீயம் அமைப்புக்காரர்தான் எங்களைக் கொண்டுவந்து வன்னியில் குடியேற்றினார்கள். அந்த அமைப்பை நடத்திய டொக்டர் ராஜசுந்தரத்தை 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் வைத்துக் கொன்றார்கள். அவரை நம்பி வந்த நாங்கள் அன்றைக்கும் ஓடியிருக்கலாம். எங்கே ஓடுவது? காட்டை வெட்டினோம், உளுந்து போட்டோம், மலேரியாவில் பாதிப்பேர் படுத்தோம். காணிப் பத்திரம் கைக்கு வர எத்தனையோ வருடம் போனது. அப்புறம் 1996இல், 2008இல், 2009இல் என்று இடம்பெயர்வு. எண்ணிப் பார்த்தேன், என் வாழ்க்கையில் ஏழு தரம் வீடு கட்டியிருக்கிறேன். ஏழாவது வீட்டு முற்றத்தில் நட்ட மாமரம் இந்த வருடம்தான் காய்த்தது. பெடியனைக் கேள். என்ன செய்யப் பிரியம் என்று யாராவது அவனைக் கேட்டீர்களா?

ஸ்காபரோ_வன்னியான் | திங்கள், காலை 7.15

ஐயா, உங்கள்மேல் மரியாதை. ஆனால் ஏழு தரம் கட்டினேன் என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள், எனக்கு அது கேட்கப் பயமாக இருக்கிறது. எட்டாவதை அந்தப் பெடியன் கட்ட வேண்டுமா?

ஒன்று மட்டும் திருத்துகிறேன். அனுப்புங்கள் என்றேன், முகவரை நம்பி அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. விசிட்டர் விசாவில் வந்து இறங்கி, அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு, நிலக்கீழ் அறையில் ஆறு பேராகப் படுத்துக் கிடக்கிற பெடியளை எனக்குத் தெரியும். ஐரோப்பா என்று சொல்லி ரஷ்யாவில் இறக்கி, போர்முனைக்குத் தள்ளப்பட்ட வடக்குப் பிள்ளைகளின் கதையும் எல்லாருக்கும் தெரியும்.

நந்தி_24 | திங்கள், மதியம் 12.40

வாசித்துக்கொண்டே இருந்தேன், பொறுக்கவில்லை. நான் முல்லைத்தீவு, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். அம்மாவின் மகனைவிட மூன்று வயது கூட. இந்த இழையில் ஐந்து பெரியவர்கள் ஒரு பெடியனைப் பற்றிக் கதைக்கிறீர்கள். 'பாவம் அடுத்த தலைமுறை' என்று கோயில் திருவிழாவிலும் கேட்கிறோம், செத்தவீட்டிலும் கேட்கிறோம். எங்களுக்கு அரசியலைவிட உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

வவுனியா அண்ணா, வாக்குப் போட்டதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டதா? மாங்குளம் அண்ணா, நீங்கள் சொன்ன தகவல் எல்லாம் சரி. ஆனால் பாதிக் கதையில் நிறுத்திவிடுகிறீர்கள். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி வந்ததே, வடக்கில் ஏறத்தாழ 6,000 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டாவிட்டால் அரச காணி என்று. அப்புறம் என்ன நடந்தது? சனம் கத்தியது, வழக்குப் போட்டார்கள், ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, அரசாங்கம் திரும்பப் பெற்றது. அதை ஏன் எழுதவில்லை?

இன்னொன்று. 2017இல் பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு, அதைப் பிடித்து வைத்திருந்த விமானப்படை முகாம் வாசலில் ரோட்டோரம் குந்தியபோது எனக்குப் பதினான்கு வயது. சித்தி குடும்பத்தின் காணி உள்ளே. பாடசாலை விட்டு அங்கேதான் போவேன். தறப்பாளுக்குக் கீழே ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வீட்டுப்பாடம் செய்தேன். இரவில் பனி, அடுப்பில் எப்போதும் ஒரு பானை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சித்தியின் கிணற்றுக்கட்டு தெரியும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மாதம். மார்ச் 1ஆம் திகதி வேலியைத் திறந்துவிட்டார்கள். சித்தி வீட்டைப் பார்க்கப் போகவில்லை, நேரே கிணற்றுக்குத்தான் ஓடினா. பக்கத்துக் கேப்பாப்புலவில் இன்னும் காணி கிடைக்காத சனம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன், மறைக்கவில்லை.

அம்மா, உங்களுக்கு: மறுபடி யாராவது வந்தால் தேத்தண்ணி கொடுங்கள், பரவாயில்லை. ஆனால் பெயர், இலக்கம், எந்த அலுவலகம் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள், அவர்கள் கண் முன்னாலேயே. விசாரணைக்கு வரச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கம் இருக்கிறது, வவுனியாவில் அலுவலகமும் இருக்கிறது.

மாங்குளம்_சந்தி | திங்கள், மதியம் 1.02

1996க்கு எடுத்தால் அவர்கள் வந்து படலையில் காவல் நிற்பார்களா தங்கச்சி?

நந்தி_24 | திங்கள், மதியம் 1.10

நிற்க மாட்டார்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று கிடைக்கும். அடுத்தமுறை வருகிறவருக்கு அந்த இலக்கத்தைச் சொல்லிப் பாருங்கள் அண்ணா, குரல் மாறும். என் அனுபவம் அது. எல்லா நேரமும் மாறும் என்று சொல்லவில்லை.

வவுனியா_வாக்காளர் | திங்கள், மதியம் 1.30

தங்கச்சி கேட்டது சரிதான். வாக்குப் போட்டுவிட்டு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று மேடையில் சொன்னவர்களிடம் ஒரு கடிதம்கூட எழுதிக் கேட்கவில்லை.

மாங்குளம்_சந்தி | திங்கள், இரவு 11.20

நந்தி, கோபம் இல்லை. நான் ஏன் இப்படிக் கதைக்கிறேன் என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். என் அண்ணாவை 2009இல் போர் முடிந்தபோது வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்தோம். அம்மா 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கிய முதல் நாளே போய்க் குந்தினவ. அண்ணாவின் படத்தை லாமினேட் பண்ணிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பா. வெயிலில் அந்தப் படம் வெளிறிப் போனது, மூன்று தரம் புதிதாக அடித்துக் கொடுத்தேன். நான்காவது தரம் அடிக்க முதல் அம்மா செத்துப்போனா. உங்களுக்கு ஒரு மாதத்தில் வேலி திறந்தது. எல்லாருக்கும் திறப்பதில்லை.

நந்தி_24 | செவ்வாய், காலை 6.05

அண்ணா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று நான் கொஞ்சம் கூடக் கதைத்துவிட்டேன்.

அம்மா குந்தியிருந்த காலத்தில் எழுதிய நாட்குறிப்பு, கொடுத்த மனு, பற்றுச்சீட்டு ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். நாங்கள் சில பேர் அப்படியான தாள்களைப் படமெடுத்துச் சேர்த்து வைக்கிறோம். கொக்குத்தொடுவாயில் 2023இல் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோது மனித எலும்பு வந்து புதைகுழி தெரிந்ததே, அப்போது தாள் வைத்திருந்த குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்தோம்.

மாங்குளம்_சந்தி | செவ்வாய், காலை 6.30

ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய இருக்கிறது. பார்க்கலாம்.

பாலைமரம் | செவ்வாய், காலை 6.41

பெட்டிக்குள் கறையான் பிடிக்காமல் வேப்பிலை போட்டு வை தம்பி.

குளத்தடி_அம்மா | புதன், இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. பாலைமரம் ஐயா, காணி பேமிட்தான். நான் உறுதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மனுசன் இல்லாமல் போன பிறகு பத்திரத்தை விரித்தே பார்க்கவில்லை.

ஐயா சொன்னபடி அவனைக் கேட்டேன். முதலில் சிரித்தான். அப்புறம் சொன்னான், அறிவியல்நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிடைக்குமோ என்று பெறுபேறு வரும்வரை பார்க்கப் போகிறானாம். கிடைக்காவிட்டால் கனடா இல்லை, கொரிய மொழி படித்து அங்கே வேலைக்குப் போகிற பரீட்சை எழுதப் போகிறானாம், ஐந்து வருடம் உழைத்துவிட்டு வருவானாம். இதையெல்லாம் எப்போது யோசித்தாய் என்றேன். 'நீங்கள் படலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்' என்கிறான்.

இந்த இழையை அவனுக்கும் காட்டினேன். வன்னியான் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தான், ஒன்றும் சொல்லவில்லை. நந்தி சொன்ன கொப்பியை அவனே வாங்கி வந்தான், முதல் பக்கத்தில் மே மாதம் வந்த இரண்டு பேரின் அடையாளமும் திகதியும் எழுதியிருக்கிறான். ஒருவருக்கு இடது கையில் மணிக்கூடு இல்லை, வலது கையில் கட்டியிருந்தாராம். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

பையைக் கலைக்கச் சொன்னான். மாட்டேன் என்றேன். அதிலே சண்டை. கடைசியில் தாள்களை எல்லாம் போனில் படமெடுத்துக்கொண்டு, பையைத் திரும்பக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டான்.

முகவர் வெள்ளிக்கிழமை கோல் எடுப்பார். அவனையே கதைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்காபரோ_வன்னியான் | புதன், இரவு 9.05

முற்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா அக்கா? கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், வெள்ளிக்கு முதல்.