ரியாக்‌ஷன் டைம் 0.087 காட்டுகிறது: தங்கை சத்தத்துக்கு முன்பே கிளம்புகிறாளா, என் சென்சார் பொய் சொல்கிறதா?

கார்த்தி_இசிஇ (கேள்வி)

வணக்கம். இசிஇ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக சென்சார் வைத்த ஸ்டார்ட்டிங் பிளாக் (ஓட்டம் தொடங்கும்போது கால் வைத்து உந்தும் கட்டை) ஒன்று செய்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் சாதாரண இரும்பு பிளாக்தான். பின்கால் மிதிக்கும் பலகைக்குப் பின்னால் ஒரு லோட் செல் (அழுத்தத்தை அளக்கும் சென்சார்), அதன் சிக்னலை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 போர்டு, எல்லாவற்றையும் இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி போர்டு. கிளாப்பர் (துப்பாக்கிக்குப் பதில் தட்டிச் சத்தம் எழுப்பும் பலகை) சத்தத்தைப் பிடிக்க ஒரு மைக் மாட்யூல். சத்தம் வந்ததும் எண்ணத் தொடங்கும், பலகையில் அழுத்தம் 5 கிலோ கூடினால் நிற்கும்.

சோதித்துப் பார்ப்பது என் சித்தப்பா மகளை வைத்து. பதினொன்றாம் வகுப்பு, 100 மீட்டர் ஓடுகிறாள். மற்ற பிள்ளைகளுக்கு 0.15, 0.175 என்று வருகிறது. இவளுக்கு மட்டும் 0.087, 0.1, 0.112 என்றே மாறி மாறி வருகிறது.

அவள் பள்ளி பி.இ.டி. சார் இதைப் பார்த்துவிட்டு, "0.1-க்குக் கீழே மனுஷனால் முடியாது, இவள் ஊகித்துக் கிளம்புகிறாள், பெரிய மீட்டுக்குப் போனால் முதல் ரவுண்டிலேயே வெளியே அனுப்பிவிடுவான்" என்று சொல்லிவிட்டார். சத்தம் கேட்டுத்தான் கிளம்புகிறேன் என்று அவள் ஒரே அழுகை. வீட்டில் திட்டு எனக்கு.

உண்மையிலேயே 0.1 விநாடிக்குக் கீழே உடம்பால் முடியாதா? அந்த எண்ணை எதை வைத்துச் சொல்கிறார்கள்?


ஓரம்போ

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? உலக விதிப்படி 0.100-க்குக் கீழே வந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட் (தவறான தொடக்கம்). 2010-லிருந்து முதல் தடவையே வெளியேற்றம். உங்கள் சார் சொன்னது சரி. தங்கையைப் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்.


ஈஎம்ஜி_அக்கா

கார்த்தி தம்பி, முதலில் அந்தப் பெண்ணிடம் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நான் ஒரு விளையாட்டு உடலியங்கியல் ஆய்வகத்தில் சில வருஷம் வேலை பார்த்தவள். ஓட்டக்காரர்களின் தொடையில் முடி மழித்து, ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, எலக்ட்ரோடு ஒட்டுவது பாதி வேலை. வியர்வையில் பெயர்ந்ததைத் திரும்ப ஒட்டுவது மீதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஓரம்போ சொன்னது விதி. நீங்கள் கேட்டது உடம்பைப் பற்றி. இரண்டும் வேறு.

காதில் விழுந்த சத்தம் மூளையில் ஒலியை உணரும் பகுதியை எட்டப் பத்துப் பதினைந்து மில்லிவிநாடி போதும். கண் வழியாக வரும் செய்தியைவிட இது வேகம். மூளையின் இயக்கப் பகுதியிலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கால் தசைக்குக் கட்டளை போய்ச்சேர ஏறக்குறைய 30 மில்லிவிநாடி. தலைக்கு மேல் காந்தத் துடிப்பு கொடுத்துக் காலில் அளந்து பார்த்த கணக்கு இது, ஆள் உயரமானால் கொஞ்சம் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூளை எடுத்துக்கொள்ளும் நேரம்தான் ஆளுக்கு ஆள் மாறுவது. அதோடும் முடியவில்லை. தசையில் மின்சாரம் எழுந்த நொடியிலேயே பிளாக்கில் விசை ஏறிவிடாது. தசை இறுகி, தசைநாணின் தொய்வை இழுத்து நிமிர்த்தி, அப்புறம்தான் பாதம் பலகையைத் தள்ளும். பிறகு அந்த விசை, கருவி செய்தவர் வைத்த அளவைத் தாண்ட வேண்டும். அதுவரை கருவியைப் பொறுத்தமட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆக, டிவியில் காட்டும் ரியாக்‌ஷன் டைம் மூளையின் நேரம் மட்டும் அல்ல. மூளை, நரம்பு, தசை, இரும்பு, மென்பொருள் எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பெய்ன், ஹிப்ஸ் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க நிலையில் இருக்கும் ஓட்டக்காரரின் எதிர்வினை 85 மில்லிவிநாடிக்குக் கீழேயும் போக முடியும், தசையில் மின் சமிக்ஞை 60-க்குக் கீழேயே எழலாம் என்று கண்டார்கள். 2009-ல் ஃபின்லாந்தின் கோமி குழு, சர்வதேசத் தடகளச் சங்கத்துக்காகவே செய்த ஆய்வில், 0.1 விநாடி, அதாவது 100 மில்லிவிநாடி எல்லையை 80-85-க்கு இறக்கலாம் என்று பரிந்துரைத்தது. சங்கம் இறக்கவில்லை. அதற்கும் ஒரு நியாயம் உண்டு: எல்லையை இறக்கினால் ஊகித்துக் கிளம்பித் தப்பிப்பவர்கள் கூடுவார்கள். ஆனால் அது நிர்வாக நியாயம். "மனுஷனால் முடியாது" என்பதற்கு ஆதாரம் ஆகாது.

இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்று 2022-ல் அமெரிக்காவின் யூஜீன் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் எல்லோரும் பார்த்தோம். 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிச்சுற்றில் டெவன் ஆலன் 0.099. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்காகத் தன் சொந்தப் பல்கலைக்கழக மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அதற்கு முந்தைய அரையிறுதியில் அவர் பதிவு செய்தது 0.101, அது செல்லும்! அதே போட்டியில் பெண்கள் 100 மீட்டர் அரையிறுதியில் ஜூலியன் ஆல்ஃபிரட் 0.095-ல் வெளியேறினார். இரண்டு வருஷம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கியவர் அவரே. யூஜீனில் பொதுவாகவே எல்லோருடைய எதிர்வினை நேரமும் வழக்கத்தைவிட வேகமாகப் பதிவானதைப் பலர் அப்போதே கவனித்தார்கள். ஓட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் நரம்பு வேகம் கூடிவிட்டது என்பதை நான் நம்பமாட்டேன். கருவியைத்தான் சந்தேகப்படுவேன்.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு சங்கதி. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் பதிவுகளை எடுத்துப் புள்ளியியலாக அலசினார்கள். ஊகிக்காமல் கிளம்பும் ஆண்களுக்கு மிகக் குறைந்த நேரம் 109, பெண்களுக்கு 121 மில்லிவிநாடி என்று வந்தது. பெண்களின் மூளை மந்தம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கருவியில் இரு பாலாருக்கும் ஒரே விசை எல்லை. தசை பலம் குறைந்தால் அதை எட்ட நேரம் கூடுதலாகும். பெண்களுக்கு அந்த எல்லையை 22 சதவீதம் இறக்கினால் வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் வைத்திருக்கும் 5 கிலோ மிகச் சின்ன எல்லை. அதனால் உங்கள் எண்ணை உலகப் போட்டி எண்ணோடு நேராக ஒப்பிடவே முடியாது. பி.இ.டி. சாரிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

சத்தத்தின் அளவும் சேர்த்தி. பார்சிலோனாவில் வால்ஸ்-சோலே குழு 1999-ல் காட்டியது: செய்ய வேண்டிய அசைவு தயாராக இருக்கும்போது திடுக்கிட வைக்கும் பெருஞ்சத்தம் கேட்டால், அதே அசைவு வழக்கத்தைவிட வெகு முன்னதாக, முழு வடிவத்தில் வெளிப்பட்டுவிடும். மூளைத் தண்டு வழியான குறுக்குப்பாதை என்பது ஒரு விளக்கம், இன்னும் வாதம் ஓடுகிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் பதிவுகளைப் பார்த்த கனடா ஆய்வாளர்கள், துப்பாக்கிக்கு அருகில் இருந்த முதல் லேன்காரர்கள் மற்றவர்களைவிட வேகமாகக் கிளம்பியதைக் கண்டார்கள். அதுவும் ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னாலும் ஸ்பீக்கர் வைத்திருந்த போட்டியில்.

அதனால் எனக்கு ஒரு தகவல் வேண்டும். கிளாப்பரை யார், எங்கே நின்று அடிக்கிறீர்கள்? மைக் எங்கே இருக்கிறது?


கார்த்தி_இசிஇ

நன்றி அக்கா. கிளாப்பரை நான்தான் அடிக்கிறேன், அவளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால், ஐந்தடி தூரத்தில். மைக்கும் லேப்டாப்பும் மரத்தடியில் மேஜை மேல். பத்து மீட்டர் இருக்கும். வெயிலில் லேப்டாப் சூடாகிறது என்று அங்கே வைத்தேன். மற்ற பிள்ளைகளுக்கும் இதே அமைப்புதான்.


சால்டரிங்_சாமி

சரி, இது என் ஏரியா.

தம்பி, உன் எண்களையே பார். 0.087, 0.1, 0.112, 0.15, 0.175. மில்லிவிநாடியில் பார்த்தால் எல்லாம் 12.5-ன் மடங்குகள் (87.5, 112.5 இரண்டிலும் கடைசி அரை வெட்டுப்பட்டிருக்கிறது). எச்எக்ஸ்711 விநாடிக்கு 80 சாம்பிள் (அளவீடு)தான் கொடுக்கும், அதாவது 12.5 மில்லிவிநாடிக்கு ஒன்று, அதுவும் வேகத்தைத் தீர்மானிக்கும் ரேட் பின்னை உயர்த்திக் கட்டினால். இல்லையென்றால் வெறும் 10. நீ மைக் தட்டியதும் சாம்பிளை எண்ணி 12.5-ஆல் பெருக்குகிறாய், சரிதானே? அப்படியென்றால் 0.087-க்கும் 0.1-க்கும் நடுவில் உன் கருவிக்கு உலகமே கிடையாது. அந்த சிப் எடை மெஷினுக்குச் செய்தது. வெங்காயம் நிறுக்க அருமையானது. 80 வேகத்தில் வைத்தாலும் அதன் உள்வடிகட்டி நிலைக்க 50 மில்லிவிநாடி எடுக்கும் என்று டேட்டாஷீட்டிலேயே போட்டிருக்கிறது. திடீரென்று ஏறும் விசையை அது சாய்வாக இழுத்துத்தான் காட்டும்.

அடுத்து மைக். நம்மூர் வெயிலில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள். அவள் காதுக்கு ஒன்றரை மீட்டர், மைக்குக்குப் பத்து மீட்டர். எட்டரை மீட்டர் வித்தியாசம், ஏறக்குறைய 24 மில்லிவிநாடி. அவள் கேட்டு 24 மில்லிவிநாடி கழித்துத்தான் உன் கடிகாரமே ஓடத் தொடங்குகிறது. 0.087 என்றால் அது 0.111. மற்ற பிள்ளைகளின் 0.15-ம் 0.174 ஆகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நம்பக்கூடிய எண்.

ஆனால் கூட்டிவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மைக் தூரம் நேரத்தைக் குறைத்துக் காட்டுகிறது, சிப் வடிகட்டி கூட்டிக் காட்டுகிறது. முதலாவதை டேப் வைத்து அளக்கலாம். இரண்டாவது, விசை எப்படி ஏறுகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தடவையும் மாறும்.

செய்ய வேண்டியது: மைக்கைக் கழற்றி பிளாக்கின் நடு இரும்புத் தண்டிலேயே, கிளாப்பரிலிருந்து அவள் தலை இருக்கும் அதே தூரத்தில் பொருத்து. லேப்டாப் நிழலில் இருக்கட்டும், வயரை நீட்டு. லோட் செல்லை ஏடிஎஸ்1256 மாதிரி வேகமான ஏடிசியோடு (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) இணைத்து விநாடிக்கு குறைந்தது 1000 சாம்பிள் எடு. காசு இல்லையென்றால் பிளாக்கில் ஒரு எம்பியூ6050 (அசைவை உணரும் மலிவான சென்சார்) ஒட்டு, அதன் முடுக்கமானி 1000 கொடுக்கும். விசை வரைபடம் கிடைக்காது, கிளம்பிய நேரம் கிடைக்கும். ஒரே எண்ணை மட்டும் சேமிக்காதே. சத்தத்துக்கு அரை விநாடி முன்னாலிருந்து முழு அலையையும் சேமி.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் கன் சத்தம் வைக்கலாமா என்று அடுத்து கேட்பாய். கூடாது. அதன் தாமதம் நீ அளக்கப் பார்க்கும் எண்ணைவிடப் பெரியது.


பழைய_ஸ்டார்ட்டர்

நான் மாவட்ட மீட்டுகளில் ஸ்டார்ட்டராக நின்று ஓய்வு பெற்றவன். ஒன்று மட்டும் சொல்கிறேன். பக்கவாட்டில் முன்னால் ஐந்தடியில் நின்று கிளாப்பர் அடித்தால், அந்தப் பிள்ளை சத்தத்தை எதற்குக் கேட்க வேண்டும்? தலை குனிந்திருந்தாலும் கடைக்கண்ணில் கை அசைவது தெரியும். அண்ணன் தோள் எப்போது இறுகும் என்று அவளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். இன்னொன்று, பழகாதவர்கள் "செட்" (தயார் நிலைக்கு எழச் சொல்லும் கட்டளை) சொல்லி எப்போதும் ஒரே இடைவெளி விட்டு அடிப்பார்கள். ஓட்டப்பிள்ளைகள் அந்தத் தாளத்தை நாலு ஸ்டார்ட்டில் பிடித்துவிடுவார்கள். நாங்கள் எல்லோரும் அசையாமல் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, இடைவெளியை மாற்றி மாற்றித்தான் அடிப்போம். பின்னால் போய் நில்லுங்கள் தம்பி.


ஈஎம்ஜி_அக்கா

ஐயா சொன்னதைத்தான் நானும் சந்தேகப்பட்டேன். அவள் ஊகிக்கிறாளா என்பதை எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டாம், நேராகவே சோதிக்கலாம். கார்த்தி, பின்னால் நின்று, இடைவெளியை மாற்றி அடியுங்கள். நடுநடுவே "செட்" சொல்லிவிட்டு அடிக்காமலே விடுங்கள். அப்போதும் அவள் கிளம்பினால் ஊகிக்கிறாள். உட்கார்ந்தே இருந்து, அடித்த தடவைகளிலும் வேகமாகவே வந்தால், அவளுக்கு நல்ல காது, நல்ல தொடை. அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளுக்கும் இதே சோதனையை வையுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

சாமி சொன்ன முழு அலை ரொம்ப முக்கியம். ஒரு ஸ்டார்ட்டில் சந்தேகம் வந்தால் உலகப் போட்டி நடுவர்களும் விசை வரைபடத்தைத்தான் திறந்து பார்ப்பார்கள். சத்தத்துக்கு முன்பே கோடு ஏறத் தொடங்கியிருந்தால் பேச்சே இல்லை. "செட்"டில் கால் நடுங்கி உங்கள் 5 கிலோவைத் தாண்டியிருந்தால் அது ஒரு சின்ன மேடாகத் தெரியும், திரும்ப இறங்கிவிடும். அந்த மேட்டைப் போய்த் தொடக்கம் என்று உங்கள் ஆர்டுயினோ எண்ணியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பி.இ.டி. சாருக்கு இன்னொரு எண். பெர்லினில் 2009-ல் உசைன் போல்ட் 9.58 ஓடியபோது அவர் ரியாக்‌ஷன் டைம் 0.146. அந்தப் பெண்ணின் நேரத்தில் அடுத்து எங்கே குறைக்கலாம் என்று தேடுவதானால் முதல் முப்பது மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது போர்டு வந்ததும் அலை ஃபைலை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அவள் பெயரை நீக்கிவிட்டுப் போடுங்கள்.