கையால் தைத்தால் புண்ணே வராதாம்!

ஊசிநூல்:
எடைக்குறைப்பு அறுவை பற்றிய விவாதத்தில் வெண்தாடி எழுதியதைப் படித்ததிலிருந்து பொறுக்கவில்லை. இரைப்பையின் மேல் பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு சேர்க்கும் பைபாஸில், அந்த இரண்டையும் கையால் தைத்து இணைத்தால் இணைப்பில் புண் வராதாம், பின் அடிக்கும் ஸ்டேப்லர் கருவி போட்டால்தான் வருமாம். கையா மெஷினா என்பது இருக்கட்டும் ஐயா, நூல் எது? பட்டு மாதிரி கரையாத நூல் உள்ளேயே கிடந்து உறுத்தும். கரையும் நூல் என்றால் சில மாதங்களில் போய்விடும். முதலில் நூலைப் பற்றிப் பேசுங்கள்.

வெண்தாடி:
நான் “வராது” என்று எழுதவில்லை, “அரிது” என்றேன். வட்டமாகப் பின் அடிக்கும் ‘வட்ட ஸ்டேப்லர்’ போட்ட இணைப்பில் புண் அதிகம் என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஊசிநூல்:
“அரிது” என்பது இன்று காலையில் வந்த சொல். பதிவுக்குக் கீழே ‘திருத்தப்பட்டது’ என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சரி, வட்ட ஸ்டேப்லர் போட்ட பிறகு மேலே சில தையல் போட்டு வலுப்படுத்துவார்களே, அது என்ன நூல்?

நடுநிசி:
இருவரும் அமிலத்தை மறந்துவிட்டீர்கள். புண் பெரும்பாலும் இணைப்பின் குடல் பக்கத்தில்தான் வருகிறது. முன்சிறுகுடலில் கணைய நீர் வந்து அமிலத்தின் வீரியத்தைத் தணிக்கும். பைபாஸில் மேலே இழுத்து இணைக்கும் குடலுக்கு அந்தக் காவல் கிடையாது. மேல் பையை 30 மில்லி அளவில் வைக்காமல் பெரிதாக விட்டால் அமிலம் சுரக்கும் செல்களும் கூடவே வந்துவிடும். அப்புறம் எந்த நூலாக இருந்தால் என்ன?

ஊசிநூல்:
எந்த நூலாக இருந்தால் என்னவா? எண்டோஸ்கோபி திரையைப் பார்த்திருக்கிறீர்களா? வெளிறிய படலம் மூடிய குழி, நடுவில் கறுப்பாக ஒரு முடிச்சு எட்டிப் பார்க்கும். குழாய் வழியாகவே குட்டிக் கத்தரியை விட்டு வெட்டி எடுப்பார்கள். அந்த முடிச்சை அமிலமா போட்டது?

நடுநிசி:
ஸ்டேப்பிள் பின்கூட டைட்டானியம்தான், அதுவும் கரையாது. உங்கள் கணக்குப்படி வெண்தாடி சொன்னது சரி என்றாகிறதே?

ஊசிநூல்:
நான் பின்னைப் பற்றிப் பேசவே இல்லை. பேச்சை மாற்றாதீர்கள்.

வெண்தாடி:
பேச்சை மாற்றுவது யார்? இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குழாய் மாதிரி ஆக்கும் ஸ்லீவ் அறுவை செய்தவருக்கும் இதே இணைப்புப் புண் வரும் என்று போன வருடம் எழுதியவர் இவர்தான். ஸ்லீவில் இணைப்பே கிடையாது!

ஊசிநூல்:
அது அவசரத்தில் எழுதியது. ஒரு வருடமாக அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் நோய்.

ரமா:
எனக்குப் பைபாஸ் ஆகி ஒன்றரை வருடத்தில் வந்தது. நாலு வாய் சாப்பிட்டால் நெஞ்சுக்குழியில் எரிந்து முதுகுவரை குத்தும். என்ன நூல் என்று எனக்குத் தெரியாது. மூட்டு வலிக்கு இபுபுரூஃபன் விழுங்கிக்கொண்டிருந்தேன், கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதை நிறுத்தினார்கள். அமிலம் குறைக்கும் கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளிருக்கும் குருணையைச் சாப்பிடச் சொன்னார்கள், அப்படியே விழுங்குவதைவிடச் சீக்கிரம் ஆறுமாம். மூன்று மாதத்தில் ஆறியது.

ஊசிநூல்:
ஆறியதில் மகிழ்ச்சி அம்மா. அறுவை அறிக்கையை வாங்கிப் பாருங்கள், நூல் எழுதியிருக்கும்.

நடுநிசி:
அவர் வலி மாத்திரை என்கிறார், இவர் நூல் என்கிறார்! வலி மாத்திரையும் புகையும்தான் பெரிய வில்லன்கள்.

ஊசிநூல்:
இரண்டையும் தொடாதவர்களுக்கும் வந்திருக்கிறதே? அவர்களுக்கு நூலைத் தவிர வேறென்ன?

நடுநிசி:
இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி. இணைப்புக்கு ரத்தம் சரியாகப் போகாதது. ஒதுக்கிய இரைப்பைக்கும் மேல் பைக்கும் நடுவில் மறுபடி வழி திறந்துகொள்வது. முன்பு பையை வெட்டிப் பிரிக்காமல் ஸ்டேப்பிள் வரிசை மட்டும் போட்டபோது, வரிசை விட்டுப்போய் அமிலம் உள்ளே வந்தது. இன்னும் வேண்டுமா?

புதுவரவு:
ஒரு சந்தேகம். “புண்” என்று எதைச் சொல்கிறீர்கள்? எண்டோஸ்கோபியில் தெரிவதையா, வலி வந்து மருத்துவரிடம் போய்க் காட்டுவதையா? வலியே இல்லாத புண்ணும் உண்டு. அதைப் பொறுத்துக் கணக்கே மாறுமே?

ஊசிநூல்:
முதலில் விவாதத்தை முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி. இங்கே நூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வெண்தாடி:
நீங்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் கிளம்புகிறேன்.

ஊசிநூல்:
கிளம்புகிறேன் என்று இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. போகிற போக்கில் அந்த மேல் தையல் என்ன நூல் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.