வீட்டு ஏசியும் ஃபர்னஸும் மாற்ற வாங்கிய கொட்டேஷன்கள்: மூன்று வீடுகளின் அனுபவம்

நியூ ஜெர்சி, எடிசன் பக்கம். 1980களில் கட்டிய மாடி வீடு. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பேஸ்மென்டில், ஏசி பின்பக்கம் வெளியே. இரண்டும் ரொம்பப் பழசு. ஏசியில் குளிரூட்டும் கேஸ் கசிகிறது என்று தெரிந்ததும், இனி ரிப்பேருக்குக் காசு கொட்ட வேண்டாம், மொத்தமாக மாற்றிவிடலாம் என்று நான்கு கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டோம். ஒருவர் 9,000 டாலருக்குச் சற்று மேலே சொன்னார், ஒருவர் 21,000. மற்ற இருவர் நடுவில். ஒரே வீட்டுக்கு இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வந்தவர் வெளியே இருந்த பழைய மெஷினின் தகட்டை டார்ச் அடித்துப் படித்தார். மூன்றரை டன். அதையே எழுதிக்கொண்டார். அளவு சரிதானா என்று கேட்டேன். "இத்தனை வருஷம் ஓடியதே" என்றார். மாடிக்கே ஏறவில்லை.

மூன்றாவதாக வந்தவர் வேறு மாதிரி. எந்த அறை உங்களுக்குப் பிரச்சினை என்று முதலில் கேட்டார். மாடியில் மேற்குப் பக்கப் படுக்கையறை ஜூலையில் அடுப்பாகக் கொதிக்கும் என்றாள் என் மனைவி. ஒவ்வொரு அறையாக லேசரில் அளந்தார், ஜன்னல்களைக் குறித்தார், கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்கில் ஏறி இன்சுலேஷன் எவ்வளவு தடிமன் என்று பார்த்தார். பிறகு பேஸ்மென்டில் காற்று போகும் குழாயான டக்டில் இரண்டு சிறு துளை போட்டு, மெல்லிய ரப்பர் குழாய்களைச் செருகி ஒரு மீட்டரில் அழுத்தம் பார்த்தார். 0.8 அங்குலத்துக்கு மேலே காட்டியது (டக்ட் அழுத்தத்தை நீர்மட்ட அங்குலத்தில்தான் சொல்கிறார்கள்). பெரும்பாலான ஃபர்னஸ்களுக்கு 0.5தான் கணக்கு என்று மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளையே காட்டினார். ரிட்டர்ன் டக்ட் சிறிது, காற்று திரும்பி வர வழியில்லை, எவ்வளவு விலையுயர்ந்த மெஷின் வைத்தாலும் அந்த அறை குளிராது என்றார். நாங்கள் குடிவந்த நாள் முதல் இருந்த தொந்தரவுக்கு ஒருவர் காரணம் சொன்னது அன்றுதான்.

இரண்டு நாள் கழித்து, வீட்டுக்கு எவ்வளவு குளிரூட்டலும் சூடும் தேவை என்று பார்க்கும் மேனுவல் ஜே கணக்கை அனுப்பினார். எங்கள் வீட்டுக்கு மூன்று டன் போதும் என்று வந்தது. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தின் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன். அரை டன் கூடக் குறைய இருப்பது சின்ன விஷயமில்லை.

அப்புறம் நான்கு பேருக்கும் ஒரே கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். டவுன்ஷிப் பெர்மிட் யார் பொறுப்பு? செப்புக் குழாய்கள் புதிதா, பழையதா? பழையதை அகற்றுவது சேர்த்தியா? வெளியே வைக்கும் மெஷினும் உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலும் ஜோடி என்பதற்கு ஏஎச்ஆர்ஐ (ஏசி தயாரிப்பாளர்கள் சங்கம்) சான்று எண் என்ன? லேபர் வாரண்டி எத்தனை வருஷம்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். "பத்து வருஷ வாரண்டி" என்று எல்லோரும் சொல்வது பொதுவாகப் பார்ட்ஸுக்கு மட்டும்தான். அதுவும் பொருத்திய 60 அல்லது 90 நாளுக்குள் கம்பெனியில் பதிவு செய்தால்தான். விட்டால் பல பிராண்டுகளில் ஐந்தாகக் குறைந்துவிடும்.

பதில்கள் வந்ததும் 9,000 டாலர் கொட்டேஷன் பன்னிரண்டாயிரத்தைத் தொட்டது. பெர்மிட்டும் குழாயும் அதில் இல்லவே இல்லை. செலவைக் குறைக்க உள்ளே இருக்கும் காயிலை அப்படியே விட்டுவிடலாம் என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். 2025 முதல் புதிதாகத் தயாராகும் வீட்டு ஏசிகள் ஆர்-454பி, ஆர்-32 என்ற குளிரூட்டும் வாயுக்களுக்கு மாறிவிட்டன. முன்பிருந்த ஆர்-410ஏ வாயு காலத்துக் காயிலோடு அவை சேராது. இதை அவர் சொல்லியிருக்க வேண்டும்.

21,000 கேட்டவர் இன்றே கையெழுத்துப் போட்டால் 2,000 தள்ளுபடி என்று இரவு ஒன்பது மணி வரை சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. நாளைக்குக் கிடைக்காத தள்ளுபடி என்ன தள்ளுபடி? யாராவது இப்படி வீட்டில் வைத்தே கையெழுத்து வாங்கிவிட்டால் பதறாதீர்கள். இந்த மாதிரி விற்பனைகளுக்கு மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையை மத்திய விதி தருகிறது, ரத்துப் படிவத்தை அவர்களே தர வேண்டும்.

வேலையை அளந்து பார்த்தவரிடமே கொடுத்தோம். விலையில் நடுவில் இருந்தவர்களில் ஒருவர் அவர். புது ரிட்டர்ன் டக்டும் அதில் அடக்கம்.

---

டாலஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே மெஷினே அட்டிக்கில்தான். எங்களிடம் வந்த விற்பனையாளர் நான்கு டன்னுக்குப் பதில் ஐந்து போடுங்கள், சும்மா ஜில்லென்று இருக்கும் என்று அழுத்தினார். பெரிய மெஷின் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஆகி, 72 டிகிரியிலும் உடம்பு பிசுபிசுக்கிறது என்கிறார்கள். அட்டிக் வீட்டுக்காரர்கள் இன்னொன்றும் எழுத்தில் கேளுங்கள்: அடியில் சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் இரண்டாவது தட்டும், அது நிரம்பினால் மெஷினை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சும். மூன்று கொட்டேஷனில் ஒன்றில்தான் இருந்தது.

---

நாங்கள் மிச்சிகனில். எங்களுக்கு நடந்தது ஜனவரியில். ஃபர்னஸ் பற்றவில்லை என்று கூப்பிட்டால், வந்தவர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தீயின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் பகுதி) விரிசல், கார்பன் மோனாக்சைடு வரும் என்று கேஸை அடைத்து, பயன்படுத்தக் கூடாது என்ற சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் புதுசுக்கு விலை சொன்னார். வீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், கைக்குழந்தை. விரிசலைக் காட்டுங்கள் என்றதற்கு போனில் ஒரு படம் காட்டினார், எங்கள் ஃபர்னஸ் மாதிரியே இல்லை. அந்த வாயு விளையாட்டில்லை, அதனால் நாங்களும் திரும்பப் பற்ற வைக்கவில்லை. மறுநாள் வேறொருவர் சின்னக் கேமராவை உள்ளே விட்டு எங்கள் கண் முன்னால் முழுக்கப் பார்த்தார். விரிசல் எங்கும் இல்லை. தீ எரிகிறதா என்று பார்க்கும் ஃப்ளேம் சென்சாரில் அழுக்கு. துடைத்ததும் பற்றிக்கொண்டது.

வசந்தத்தில் நிதானமாகக் கொட்டேஷன் வாங்கி கேஸில் 80 சதவீதத்தைச் சூடாக்கும் ஃபர்னஸை 96 சதவீதத்துக்கு மாற்றினோம். புதியதின் புகை பிளாஸ்டிக் குழாய் வழியே சுவரைத் தாண்டிப் போய்விடும். அப்போது, இதுவரை ஃபர்னஸோடு பகிர்ந்திருந்த பழைய சிம்னியில் வாட்டர் ஹீட்டர் தனியாக மாட்டிக்கொள்கிறது. அவ்வளவு பெரிய சிம்னியில் அதன் புகை குளிர்ந்து மேலே ஏறாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதற்குச் சிம்னிக்குள் லைனர் என்ற சிறிய உள்குழாய் போட வேண்டும் என்று எழுதியவர் ஒருவர்தான், மற்றவர்களிடம் நானாகக் கேட்டபோது "ஆமாம், அது எக்ஸ்ட்ரா" என்றார்கள். கேஸ் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் கையெழுத்துக்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள்.