பாம்பன் நேர்காணல்கள்: எண்ணுவதா, பொருள் தேடுவதா?

கேள்வி: பாம்பன், தங்கச்சிமடம் மீனவப் பெண்களின் 14 நேர்காணல்கள் இருக்கு. வீட்டுக்காரர் கடலில் இருக்கும் இரவுகளின் பதற்றம்தான் தலைப்பு. உள்ளடக்கப் பகுப்பாய்வா, கருப்பொருள் பகுப்பாய்வா? காப்பா (ஒரே பேச்சுக்கு இருவர் தனித்தனியாகக் கொடுக்கும் குறிச்சொற்கள் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு சொல்லும் எண்) போடணுமா?

பதில் 1: எது எத்தனை முறை வருதுன்னு எண்ணப் போறீங்கன்னா உள்ளடக்கம். எந்தப் பேச்சுக்கு எந்தக் குறிச்சொல் என்ற குறியீட்டு விதிகளை முதலில் எழுதுங்க. இருவர் தனித்தனியாகக் குறியிட்ட பிறகு காப்பா. ஒத்துப்போகலைன்னா பெரும்பாலும் விதிதான் குழப்பம், ஆள் இல்லை.

பதில் 2: உங்க தலைப்புக்குக் கருப்பொருள்தான் சரி, அதாவது பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் பொருளைத் தேடுவது. பிரான், கிளார்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் சொன்ன ஆறு படிகளைப் பின்பற்றுங்க. அந்த வழியில் காப்பா வேண்டாம். ‘கடன்’ வெறும் தலைப்பு. ‘கடனுக்காக நாமளே கடலுக்கு அனுப்புறோம்’ என்ற குற்றவுணர்வுதான் கருப்பொருள். இங்கேதான் பலரும் சறுக்குறாங்க.

பதில் 3: ‘வாடை அடிச்சா தூக்கமில்ல’ என்பதை ‘வானிலை’ன்னு குறியிடாதீங்க, அது பயம். எழுத்தாக்கும்போது ‘அவுக வந்துருவாக’வை ‘அவர் வந்துவிடுவார்’ ஆக்காதீங்க. நடுவில் விழும் மௌனத்தையும் குறிங்க.