இரண்டாவது செவ்வாய்

குழு: கொக்குவில் வீடு

ஞாயிறு

மாமா (மானிப்பாய்): பெரியக்கா, பிள்ளைக்கு மறுமொழி ஏதும் வந்ததா? நேர்முகம் முடிந்து எவ்வளவு நாளாகிவிட்டது.

பெரியம்மா (ஸ்காபரோ, கனடா): இல்லைத் தம்பி. ஒன்ராறியோவில் மருத்துவபீடங்கள் எல்லாம் ஒரே நாளில்தான் அறிவிக்கும். மே மாதத்தின் இரண்டாவது செவ்வாய். அதற்கு முன் யாரைக் கேட்டும் பயனில்லை.

மாமா: அப்படியென்றால் நாளை மறுநாள்.

அம்மா: எத்தனை மணிக்கு அக்கா? நாங்கள் விழித்திருக்க வேண்டுமா?

பெரியம்மா: வேண்டாம். இங்கே காலை எட்டு என்றால் உங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை.

அம்மம்மா: பிள்ளை, நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய்? ஒருக்கா முழுதாகச் சொல்லு. அம்மப்பாவும் பக்கத்தில் இருக்கிறார்.

அக்கா: அம்மம்மா, அதைச் சொல்லக்கூடாது. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

மாமா: எங்களிடமுமா?

அக்கா: எல்லாரிடமும்தான் மாமா. அம்மாவிடமும் சொல்லவில்லை.

பெரியம்மா: உண்மை. நானும் கேட்டுப் பார்த்தேன்.

அம்மம்மா: (அம்மப்பா எழுதுகிறேன்) நேர்முகம் என்றாலே எனக்கு மனம் ஒப்புவதில்லை. சோதனை என்றால் விடைத்தாள் பேசும். எழுதியவன் கறுப்பா சிவப்பா என்று திருத்துகிறவனுக்குத் தெரியாது. நேர்முகத்தில் யாருடைய பிள்ளை, எந்த ஊர், எப்படி உடுத்திக்கொண்டு வந்தாள் என்று எல்லாம் வந்துவிடும். இங்கே வேலைக்கு நேர்முகத்துக்குப் போனவர்களில் எத்தனை பேர், யாருக்குக் கிடைக்கும் என்று வாசலிலேயே தெரிந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள்.

மாமா: அதுதான் ஐயா. சிபாரிசு இல்லாத நேர்முகம் எங்கே இருக்கிறது?

அக்கா: அம்மப்பா, நீங்கள் சொல்கிற அதே பயத்தால்தான் இப்போதைய நேர்முக முறையே வந்தது. ஹமில்ரனில் இருக்கிற மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். பழைய நேர்முகத்தில் இரண்டு மூன்று பேர் ஒரு மேசையில் இருப்பார்கள். உள்ளே வந்தவுடன் அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பேந்து என்ன சொன்னாலும் சரி, பிடிக்காவிட்டால் என்ன சொன்னாலும் பிழை. அதனால் ஒரு பெரிய நேர்முகத்தைப் பத்துச் சின்ன நேர்முகமாக உடைத்தார்கள். பத்து அறை, பத்து வேறு வேறு ஆட்கள். கதவில் ஒரு நிலைமை எழுதியிருக்கும். வாசித்து யோசிக்க இரண்டு நிமிடம், உள்ளே எட்டு நிமிடம், மணி அடித்தால் அடுத்த அறை.

அக்கா: ஒரு அறையில் இருப்பவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால் பத்தில் ஒரு பங்குதான் போகும். முந்தின அறையில் நான் என்ன சொன்னேன் என்பதும் அவருக்குத் தெரியாது. இப்போது அறைகளின் எண்ணிக்கையும் நேரமும் இடத்துக்கு இடம் மாறும், கணினியிலேயே நடத்துவதும் உண்டு. ஆனால் அடிப்படை இதுதான்.

அம்மம்மா: (அம்மப்பா) பத்துப் பேரையும் ஒருவன் வளைக்க முடியாது. அது சரி.

சித்தி (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்): ஐயா, நான் ஆஸ்பத்திரி வாட்டில் தினமும் பார்க்கிறதைச் சொல்கிறேன். கெட்டிக்கார டொக்டர்மார் எல்லாரிடமும் நோயாளி உண்மையைச் சொல்வதில்லை. “ஏன் சீனி கூடிப்போயிருக்கிறது, மருந்து போட்டீர்களா?” என்று நின்றபடி கேட்டால் “போட்டேன்” என்றுதான் பதில் வரும். கட்டில் ஓரத்தில் இருந்து கேட்கிறவரிடம்தான், கிளினிக் நாளில் கூலி வேலை இருந்தது, வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும், அதனால் ஒரு மாதமாக மருந்தே எடுக்கவில்லை என்று வெளியே வரும். அந்தக் கெட்டித்தனத்தை விடைத்தாளில் எப்படிப் பார்ப்பது?

நான்: சித்தி, எங்கள் வீட்டிலேயே நடந்ததே. அம்மம்மா நோயாளியாக நடித்தது.

மாமா: அது என்ன கதை? எனக்குத் தெரியாதே.

நான்: அக்கா நேர்முகத்துக்குப் பயிற்சி எடுக்கும்போது வீடியோவில் நாங்கள்தான் ஆள் மாறி மாறி நடித்தோம் மாமா. ஒருநாள் நான் எழுதிக் கொடுத்த நிலைமை: வயதான ஒரு அம்மா பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டார், ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறார், எட்டு நிமிடத்துக்குள் அவருடன் கதைக்க வேண்டும். அம்மம்மாதான் அந்த அம்மா. அக்கா முதலில் பிரஷர் கூடினால் மூளைக்கு என்ன ஆகும், சிறுநீரகத்துக்கு என்ன ஆகும் என்று அழகாக விளங்கப்படுத்தினாள். அம்மம்மா வாயே திறக்கவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் போய்விட்டது.

நான்: பிறகு அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, “அந்தக் குளிசையைப் போட்டால் உங்களுக்கு என்ன செய்கிறது?” என்று மட்டும் கேட்டாள். அம்மம்மா சொன்னார், இரவில் ஒன்றுக்குப் போக எழும்பினால் தலை சுற்றுகிறது, கிணற்றடியில் விழுந்துவிடுவேனோ என்று பயம், அதனால் பாதியாக உடைத்துப் போடுகிறேன், சில நாள் அதுவும் இல்லை என்று. நன்றாக நடிக்கிறார் என்றுதான் நினைத்தோம்.

சித்தி: நடிப்பு இல்லை அண்ணா. மறுநாள் போய்க் குளிசைத் தட்டைப் பார்த்தால் பாதி பாதியாக உடைத்த துண்டுகள் ஒரு பேப்பரில் சுற்றியிருக்கின்றன. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இருந்தும் நின்றும் பிரஷர் பார்த்தார்கள், எழும்பி நின்றவுடன் இறங்குகிறது. மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள்.

அம்மம்மா: இப்போது சுற்றுவதில்லை. நீங்கள் எல்லாரும் நெடுகப் “போடுங்கோ, போடுங்கோ” என்றீர்கள். போட்டால் என்ன செய்கிறது என்று கேட்டது அவள்தான்.

அம்மா: ❤️

மாமா: எங்கள் மானிப்பாயில் டொக்டர் கிறீன் இருந்தாரே. அமெரிக்காவிலிருந்து வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தவர். நோயாளி தன் வாயால் சொல்வது டொக்டருக்கு விளங்க வேண்டும். இந்த நேர்முகத்தில் அதைத்தான் பார்க்கிறார்கள் என்றால் நான் எதிர்க்க மாட்டேன்.

மாமா: ஆனால் பிள்ளை, அங்கே ஆறேழு மருத்துவபீடம் இருக்கிறதே. உனக்கு மூன்று நேர்முகம் மட்டும் ஏன்?

அக்கா: மற்றவற்றில் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை மாமா. கிங்ஸ்ரனில் இருக்கிற குயின்ஸ் பல்கலைக்கழகம் இப்போது குறைந்தபட்சத் தகுதியைத் தாண்டியவர்களுக்குள் குலுக்கல் போட்டுத்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறது. என் பெயர் விழவில்லை.

மாமா: குலுக்கலா? மருத்துவத்துக்கா?

அக்கா: ஓம். தகுதியானவர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். புள்ளியில் 0.01 வித்தியாசத்தை வைத்து இவர் நல்ல டொக்டராக வருவார், அவர் வரமாட்டார் என்று சொல்ல முடியாது, காசு கொடுத்துப் பயிற்சி எடுக்கிறவர்கள்தான் முன்னுக்கு வருகிறார்கள் என்ற யோசனை. எனக்குக் கவலைதான். ஆனால் அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

அம்மம்மா: (அம்மப்பா) விடைத்தாள் பேசும் என்றேன். என் காலத்தில் அதையும் பேசவிடவில்லை. 1971இல் மருத்துவத்துக்குத் தமிழில் எழுதியவனுக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்களத்தில் எழுதியவனுக்கு அதைவிடக் குறைந்த வெட்டுப்புள்ளி. பிறகு மாவட்டக் கோட்டா வந்தது. தபாற்காரன் வருகிற நேரம் பார்த்துப் படலையடியில் நிற்பேன். என் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார், கேட்க மாட்டார். யாழ்ப்பாணத்துக்கு மருத்துவபீடம் 1978இல்தான் வந்தது. அதற்குள் நான் படிப்பிக்கத் தொடங்கிவிட்டேன்.

பெரியம்மா: ஐயா, இதை நீங்கள் எங்களுக்குச் சொன்னதே இல்லை.

நான்: இப்போதும் கோட்டா இருக்கிறது அம்மப்பா. 40 வீதம் முழு இலங்கைக்குமான திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். உயர்தரச் சோதனையில் எனக்கு வந்த இசட் புள்ளி, அதாவது தரப்படுத்திய புள்ளி, தெரியும், மாவட்ட நிலை தெரியும். வெட்டுப்புள்ளிக் கோடு எங்கே விழும் என்பதுதான் தெரியாது. அக்காவுக்குத் தன் புள்ளியும் தெரியாது, கோடும் தெரியாது.

அக்கா: உன்னுடையதுதான் கடினம். நீ தினமும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

திங்கள்

மாமா: பெரியக்கா, இன்றைக்கு ஏதாவது முன்கூட்டி வருமா?

அம்மா: பிள்ளை நித்திரை கொண்டாளா?

மாமா: நல்லூரில் அர்ச்சனை செய்தாயிற்று. பிள்ளையிடம் சொல்லுங்கோ.

பெரியம்மா: பிரம்ரனிலிருந்தும் போன் எடுத்துக் கேட்டார்கள். இன்னும் இல்லை என்றேன். பிறகு மார்க்கம் நகரத்திலிருந்து. பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள்.

நான்: எல்லாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வயதில் சின்ன ஆள் சொல்கிறேன் என்று குறை நினைக்காதீர்கள். நாளைக்கு அக்காவிடம் ஒருவரும் “வந்ததா?” என்று கேட்காதீர்கள். இந்தக் குழுவிலும் வேண்டாம், தனியாகவும் வேண்டாம், பெரியம்மாவுக்கு எடுத்தும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் போன் சத்தம் போடும்போது அந்த மெயில்தான் என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எடுத்துப் பார்த்தால் நாங்கள்.

மாமா: அக்கறையில்தானே பிள்ளை கேட்கிறோம்.

நான்: தெரியும் மாமா. அக்கறை இல்லாத ஆட்கள் கேட்டால் இவ்வளவு கஷ்டமாக இருக்காது. நான் படலையைத் தாண்டினால் கடையிலும் கோயிலிலும் ரியூசன் வாசலிலும் இதே கேள்விதான், “வெட்டுப்புள்ளி வந்துவிட்டதா?” என்று. வரவில்லை என்று கேட்கிறவர்களுக்கே தெரியும். இருந்தாலும் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி ஏதோ பிழை செய்தவள் மாதிரி ஆகிவிடுகிறது. நேர்முகம் முடிந்த நாளோடு அக்கா செய்யக்கூடியது முடிந்துவிட்டது. இனி அவள் கையில் ஒன்றும் இல்லை. கையில் இல்லாத ஒன்றைப் பற்றித் தினமும் கணக்குக் கொடுக்கச் சொன்னால் எப்படி? வந்தால் அவளே சொல்லுவாள். சொல்லப் பிந்தினாலும் விடுங்கோ.

சித்தி: நூறு வீதம் சரி.

அம்மம்மா: (அம்மப்பா) என் அம்மாவும் கேட்கவில்லை.

மாமா: சரி பிள்ளை. இனிக் கேட்க மாட்டேன்.

அம்மம்மா: சாப்பிட்டியா என்று கேட்கலாமா?

அக்கா: கேளுங்கோ அம்மம்மா 😭 சாப்பிட்டேன். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்.

செவ்வாய்

அம்மா: மழை பிடித்துவிட்டது. கொடியில் கிடந்த உடுப்பு எல்லாம் நனைந்துபோயிற்று.

சித்தி: இங்கேயும்.

மாமா: மானிப்பாயில் இல்லை.

அக்கா: மூன்றும் வந்துவிட்டது. இரண்டு இடத்தில் இல்லை. ஒன்றில் காத்திருப்புப் பட்டியல்.

பெரியம்மா: நான் வேலையில். இப்போதுதான் பார்க்கிறேன். வீட்டுக்கு வருகிறேன் குஞ்சு.

அக்கா: வேண்டாம் அம்மா, வேலையை முடித்துவிட்டு வாங்கோ. அழுதுவிட்டேன். இப்போது பரவாயில்லை.

அம்மம்மா: என் ராசாத்தி.

மாமா: பிள்ளை, விளங்காததால் கேட்கிறேன். காத்திருப்புப் பட்டியல் என்றால் இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்வதா?

அக்கா: இல்லை மாமா. அது வேறு, இது வேறு. சிலருக்கு இன்றைக்கு இரண்டு மூன்று இடத்தில் கிடைத்திருக்கும். ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் எது என்று சொல்லி மற்றதை விட வேண்டும். விட்ட இடங்கள் பட்டியலில் இருப்பவர்களுக்குப் போகும். அவர்களில் ஒருவர் இன்னொரு பட்டியலிலும் இருந்தால் அங்கேயும் ஒரு இடம் அசையும். ஜூன் முழுக்க இப்படி நடக்கும், அதற்குப் பிறகும் சில வரும். நான் எத்தனையாவது ஆள் என்று சொல்லவில்லை.

சித்தி: உன்னை எடுக்கலாம் என்று முடிவு செய்துதான் அந்தப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அதை மறக்காதே.

அம்மம்மா: (அம்மப்பா) ஜூலையில் என்ன செய்வாய்?

அக்கா: ஜூலையில் அடுத்த வருடத்துக்கான விண்ணப்பம் திறக்கும் அம்மப்பா, ஒக்ரோபர் தொடக்கம் வரை நேரம். பட்டியல் அசைந்தால் நல்லது. அசையாவிட்டாலும் விண்ணப்பம் தயாராக இருக்கும். ஆய்வுகூட வேலையை விடவில்லை. கட்டுரைகளைத் திருப்பி எழுத வேண்டும்.

அம்மம்மா: (அம்மப்பா) நல்லது.

மாமா: பெரியக்கா, யாரும் எடுத்துக் கேட்டால் அடுத்த மாதம் தெரியும் என்று மட்டும் சொல்லுங்கோ. இங்கே கேட்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா: தங்கச்சி, உன்னிடம் ஒரு கேள்வி. கேட்கலாமா?

நான்: கேளுங்கோ.

அக்கா: உயர்தரம் இரண்டாம் தரம் எழுத விண்ணப்பிக்கப் போகிறாயா?

நான்: இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பித்தால் முதல் தரம் எழுதியதில் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமோ என்று. ஆனால் வெட்டுப்புள்ளி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் விண்ணப்பத் திகதி போய்விடும். மூன்று தரம் எழுதலாம், நான் ஒரு தரம்தான் எழுதியிருக்கிறேன். விண்ணப்பிக்கிறேன் அக்கா. கிடைத்துவிட்டால் எழுதாமல் விடலாம்.

அம்மா: இதைத்தான் நான் கேட்கப் பயந்துகொண்டிருந்தேன்.

சித்தி: தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஒன்லைனில் போடலாம். அடையாள அட்டையை எடுத்துவை. திகதி வந்தவுடன் நான் இருந்து செய்து தருகிறேன்.

அக்கா: எந்தப் பாடம் குறைந்தது?

நான்: பௌதிகவியல். அலைகளும் மின்னியலும்.

அக்கா: சனிக்கிழமை உன் நேரம் இரவு எட்டுக்கு எடுக்கிறேன். கடந்தகால வினாத்தாளில் நீ விட்ட கேள்விகளைப் படம் பிடித்து முதல்நாளே அனுப்பு. முதலில் மின்னியலைப் பார்ப்போம்.

நான்: ஓம் அக்கா. வெள்ளிக்கிழமையே அனுப்புகிறேன்.